வண்டியின் அடியில் மூன்று ஓட்டைகள்

அது நடந்த காலையில் வண்டிக்குள் இருந்தவன் அண்ணன் மட்டும்தான். அம்மா குடத்தோடு தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். அப்பா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. நான் பாலிடெக்னிக் பரீட்சைக்காகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்.

எங்களுடையது டிபன் வண்டி. எட்டாவதோடு பள்ளியை விட்டு, லாரி ஓட்டி என்னைப் படிக்கவைத்த அண்ணன், சேர்த்ததையெல்லாம் போட்டு ஒரு சின்ன லோடு வண்டி வாங்கினான். பின்பக்கம் தகரம் அடித்து அடுப்பு வைத்தோம். துறைமுகத்துக்குள் போக திருவொற்றியூர் சாலையில் காத்துக்கிடக்கும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் நிறுத்துவோம். இட்லி, பூரி, வடகறி.

சிலிண்டர் வைக்க அடுப்பு மேடைக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி. அதன் தரையில் வெல்டர் மூன்று ஓட்டைகள் போட்டார். "காஸு மேல போவாது நைனா, கீழதான் குந்திக்கினு இருக்கும். அதுக்கு ஒரு வழி வுடணும்" என்றார். இதை நான் பாடத்திலேயே படித்திருந்தேன். அதனால் அவருக்கு மதிப்பெண் போடுபவன்போலத் தலையாட்டினேன்.

அந்த ஓட்டைகள் வழியாகத்தான் கரித்தூள் ஏறியது. நிலக்கரி லாரி ஒன்று பக்கத்தில் போனாலே போதும், மேடையெல்லாம் கறுப்பு.

"இன்னா மாமு, வடகறில மொளகு தூக்கலா கீது?" என்று கேட்டார் ஒரு டிரைவர்.

"மொளகு இல்லய்யா, கரி. துன்னுட்டு அப்பிடியே இஞ்சின ஸ்டார்ட் பண்ணு" என்றார் இன்னொருவர்.

அண்ணனும் சேர்ந்துதான் சிரித்தான். ஆனால் அந்த வாரமே நாலைந்து பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

"டேய் படிச்சவனே, இந்த ஓட்டய அடச்சா இன்னா ஆவும்?" என்று என்னிடம் கேட்டான்.

"டியூப் புதுசு, ரெகுலேட்டர் புதுசு. லீக் ஆனாத்தானேண்ணா பயம்? அப்பிடியே லீக் ஆனாலும் வாட வந்து காட்டிக்குடுத்துடும்" என்றேன்.

"அப்ப அடச்சுடு" என்றான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தகரத்துண்டும் பசையும் வைத்து மூன்றையும் அடைத்தது நான்தான். நன்றாகவே அடைத்தேன்.

வாடையைப் பற்றிச் சொன்னேனே, அதை நான் யோசித்திருக்க வேண்டும். தொழிற்சாலைகள் சூழ்ந்த எங்கள் பக்கத்தில் காற்று திரும்பினால் காஸ் வாடை வரும். அழுகின முட்டை வாடை வரும். பெயர் தெரியாத வாடைகளும் வரும். யாரும் எழுந்து அடுப்பைப் பார்ப்பதில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குவோம்.

வண்டி குலுங்கிக் குலுங்கி, டியூப் தகர விளிம்பில் உராய்ந்து அறுந்திருந்தது. நாங்கள் குனிந்து பார்க்கவில்லை. அன்று தூசிக்காகத் தார்ப்பாயையும் இறக்கிவிட்டிருந்தான் அண்ணன். ரெகுலேட்டரைத் திறந்துவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தான். "வாட வந்துச்சுடா. காத்து திரும்பிக்கீதுன்னு நெனச்சேன்" என்று பிறகு என்னிடம் சொன்னான். நறுக்கி முடித்து லைட்டரைத் தட்டினான். தரையில் தேங்கியிருந்த காஸ் மொத்தமாகப் பிடித்துக்கொண்டது. டிரைவர்கள் ஈரச் சாக்கைப் போர்த்தி அவனை இழுத்துப் போட்டார்கள். ஒருவர் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ரெகுலேட்டரை மூடினார்.

கால் புண்கள் ஆறின. வலது கைதான் ஆறவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன. அவை விரிந்தால்தான் இனி அவன் ஸ்டியரிங் பிடிக்க முடியும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் முதல் நாளிலிருந்தே ஒன்றையே சொன்னான். "ஓட்டைய நான்தான் அடச்சேன்."

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "ஏண்டா, தம்பிய ஒரு வார்த்த கேட்டிருக்கக்கூடாதா? படிச்ச புள்ள வூட்லயே கீதே" என்று கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டாள்.

நான் கட்டிலின் கால்மாட்டில் பன்னும் பாலுமாக நின்றிருந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். "எம்மா, அவனுக்கு நாளைக்கு பரீட்ச. அனுப்பு அவன" என்றான் அண்ணன், என்னைப் பார்க்காமலே. நான் போனேன். பாஸும் ஆனேன். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் காசு கேட்கவில்லை. விரல்களை விரிக்க மட்டும் வெளியே தனியார் ஆஸ்பத்திரியில் ஓர் ஆபரேஷன் செய்தோம். அதற்கு வண்டி போயிற்று, அம்மாவின் கம்மலும் போயிற்று. ஆறு மாதம் கழித்து, சாலையோரம் நின்றிருந்த ஒரு சிநேகிதனின் லாரியில் அண்ணன் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தான். இடது பக்கம் திருப்பினான். வலது பக்கம் திருப்பும்போது கை வழுக்கியது. இன்னொரு தடவை முயன்றான். பிறகு இறங்கி, கதவை இடது கையால் சாத்தினான்.

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் விரிந்தன. மற்ற மூன்றும் விரியவில்லை. ஆபரேஷன், புண்ணுக்கான கையுறை, விரல் பயிற்சி, ஆட்டோச் செலவு எல்லாம் சேர்த்து, அந்த இரண்டு விரலுக்கு ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய் ஆனது.