கீழ்வீட்டில் பொங்கிய மாடித் தண்ணீர்

மூன்றாவது முறையாகக் குளியலறையில் தண்ணீர் வடியாமல் நின்றபோது, கணுக்கால் அளவு சோப்பு நுரைக்குள் நின்றுகொண்டு வீட்டுக்கார அக்காவைக் கூப்பிட்டேன். அக்காவும் அவர் மகளும் மாடியில் இருந்தார்கள். நாங்கள் கீழ்வீட்டில் வாடகைக்கு. படியிறங்கி வந்த அக்கா தண்ணீரைப் பார்க்கவில்லை, என் தலைமுடியைத்தான் பார்த்தார்.

"ஏட்டி, முடிய அள்ளி அள்ளி ஓட்டையில தள்ளுதியே, அடைக்காம என்ன செய்யும்? இன்னொரு மட்டம் இப்படி ஆச்சுன்னா வேற வீடு பாத்துக்கோ."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்றும் வந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அந்த வீடு வேண்டும். முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரம் என்பதால் மேலநீலிதநல்லூரிலிருந்துகூட ரவிக்கைத் துணியோடு வருவார்கள். வீடு மாறினால் அவர்களெல்லாம் வேறு தையல்காரியைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தத் தெருவில் பெயர் எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதனால் ஓட்டைக்கு அடிமை ஆனேன். பழைய கொசுவலையை வெட்டி மூடியின்மேல் விரித்தேன். குளித்ததும் முடியைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். அடுப்படியில் சட்டி எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கழுவுவது, தேயிலைச் சக்கையும் சோற்றுப் பருக்கையும் தொட்டிக்குள் விழக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி வெந்நீர் என்று வீட்டில் சட்டம் போட்டேன். என் கணவர் டம்ளரைக் கழுவப் பயந்து என்னிடமே நீட்ட ஆரம்பித்தார். தைக்கிற இடத்து நூல் பிசிறைக்கூட ஒன்று விடாமல் பெருக்கினேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம். கையில் தைக்க வேண்டிய துணி மலையாகக் கிடந்ததால் காலையில் குளிக்காமலே மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். மாடியில் யாரோ குளிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் குளியலறைக்குள் குபுகுபு என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், காய்ந்து கிடந்த தரையில் ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. செம்மண் கரைத்த நிறத்தில் கலங்கிய தண்ணீர்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மாடிக் குழாயும் எங்கள் குழாயும் பின்புறம் ஒரே தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே குழாயாகத் தெருச் சாக்கடைக்குப் போகின்றன. அடைப்பு அந்தத் தொட்டிக்கு அப்பால் இருக்கிறது. மாடியில் குளிக்கிற தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி, எது தாழ்வான ஓட்டையோ அதில் பொங்குகிறது. தாழ்வான ஓட்டை எங்களுடையது. இத்தனை நாளும் பழி என் முடிக்கு! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அக்காவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசையாக அடுக்கிவைத்தேன்.

அடைப்பு எடுக்கிற அண்ணாச்சி நீள மூங்கில் பட்டையோடு வந்தார். எங்கள் தெருவில் அவர் போகாத வீடு கிடையாது, அவர் சொல்லாத வீட்டுக்கதையும் கிடையாது. தொட்டியின் மூடிக்கல்லைப் புரட்டிப் பட்டையை விட்டு இழுத்தார். முடி கொஞ்சம்தான் வந்தது. அதன் பின்னால் களிமண் கட்டி கட்டியாக வந்தது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"புத்துமண்ணுலா இது! யாரு தேய்ச்சுக் குளிக்கீய?"

எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் முதலில் கோயில் புற்றுமண்தான். குழைத்துப் பூசி, காய்ந்ததும் குளிப்பார்கள். கழுவிவிட்ட மண் எங்கே போய்த் தங்கும் என்று ஒருவரும் நினைப்பதில்லை. சாமி மண் குழாயை அடைக்கும் என்று நினைக்க யாருக்கு மனம் வரும்?

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள், இறங்கி வந்து பக்கத்தில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அதில் ரத்தமே இல்லை. மாடிப்படியின் மேலே மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கடைசியாகத் தைத்த ரவிக்கைகள் ஞாபகத்துக்கு வந்தன. அந்த வெயிலில் கையை மணிக்கட்டு வரை இறக்கி, கழுத்தை மேலே ஏற்றி வைக்கச் சொன்னார் அக்கா. புது மோஸ்தராக்கும் என்று நானும் தைத்துக் கொடுத்தேன். தபசு முடிந்ததும் புளியங்குடியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"நாந்தான் அண்ணாச்சி. கையில ஒரே அரிப்பு, அதான் தேய்க்கேன்," என்றேன்.

"அப்ப வெளிய வச்சுக் கழுவும்மா. குழாய் தாங்காது," என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார்.

சாயங்காலம் அக்கா இறங்கி வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். நானே ஆரம்பித்தேன். "பெரிய பேசின்ல ஒக்காந்து கழுவச் சொல்லுங்கக்கா. அந்தத் தண்ணிய வாளியில வச்சா மண்ணு அடியில தங்கிரும். தெளிஞ்ச தண்ணிய குழாயில விடலாம், மண்ண முருங்கை மரத்து மூட்டுல போட்ருங்க. ஒரு தோல் டாக்டர்ட்டயும் காட்டலாம். இதெல்லாம் ஒரு குத்தமா?"

"வெள்ளையா ரெண்டு திட்டுதான்," என்றார். பிறகு தைத்து வைத்திருந்த துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேற வீடு பாக்கணுமாக்கா?"

அக்கா திடுக்கிட்டு என் கையைப் பிடித்தார். "ஏட்டி, நீ எங்கயும் போயிராத. நீ போனா வேறொருத்தி குடி வருவா. அவளுக்கும் தெரிஞ்சிரும்."

வீடு எனக்கு நிலைத்தது. அக்கா பிடித்த கையை விடாமலே இருந்ததால் அதற்காகச் சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை.