அழுகிற அணில்

கட்டிலுக்கடியிலிருந்து எறும்புகள் வரிசையாக வந்தபோதுதான் குனிந்து பார்த்தேன். பிரித்துப் போட்ட பிஸ்கெட் பாக்கெட்டுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. ஒரு பிஸ்கெட்டைக்கூட யாரும் கடித்திருக்கவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளைக் கூப்பிட்டேன்.

"எதுக்குடி வாங்கி வாங்கி இங்க போட்டு வெச்சிருக்க?"

"எனக்கு அது புடிக்காதும்மா. அணிலுக்குதான்."

அணில் என் கைப்பேசியில் இருந்தது. அந்த பிஸ்கெட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த விளையாட்டு. பாக்கெட்டின் உள்பக்கம் அச்சடித்த எண்ணைப் போட்டால் அணில் சாப்பிடும், குதிக்கும். போடாவிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். அரூர் கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் மகள் கேட்டாள் என்று அவள் அப்பா அந்த பிஸ்கெட்டையே வாங்கி வந்ததன் காரணம் அன்றுதான் விளங்கியது.

பாக்கெட்டில் இருந்த புகார் தொலைபேசி எண்ணுக்குப் பேசி, சின்னப் பிள்ளைகளிடம் இப்படி விளம்பரம் செய்யலாமா என்று கேட்டேன். எடுத்தவள் ஒரு பெண்.

"அது விளம்பரம் இல்லீங்க மேடம், வெறும் கேம்தான்."

"அப்படின்னா அந்த அணிலு உங்க பிஸ்கெட்ட விட்டா வேற எதையும் திங்காதாங்க? ஒரு கொய்யாப்பழம் குடுத்தா ஆவாதா?"

அவள் பேச்சை மாற்றினாள். பதினெட்டு வயது முடிந்தவர்கள்தான் விளையாட முடியும், என் கைப்பேசியில் 'ஆம்' என்று அழுத்தியிருக்கிறார்கள் என்றாள். அழுத்தியது ஏழு வயதுக்காரி. 'ஆம்' பச்சை நிறத்தில் பூசணி இலை மாதிரி விரிந்திருந்தது. 'இல்லை' எங்கே என்று நானே தேட வேண்டியிருந்தது. பொம்மை அணிலோடு விளையாடப் பதினெட்டு வயதுக்காரர்கள் காத்திருக்கிறார்களாம். இதைச் சிரிக்காமல் சொல்வதற்கும் பயிற்சி கொடுத்திருப்பார்கள்.

விடவில்லை. விளம்பரங்களைக் கண்காணிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சங்கத்துக்கு எழுதினேன். விளம்பரம் செய்கிற கம்பெனிகளே கூடி, தங்களைத் தாங்களே கண்டித்துக்கொள்ள வைத்திருக்கும் சங்கம். அதன் கண்டிப்பு எப்படியிருக்கும் என்பதைச் சில மாதம் கழித்துப் பார்த்தேன். அணிலின் வாலுக்குக் கீழே, கேழ்வரகு அளவு ஆங்கில எழுத்தில், 'இது விளம்பரம்' என்று கம்பெனிக்காரர்கள் சேர்த்திருந்தார்கள். விளம்பரமே இல்லை என்று என்னிடம் சத்தியம் செய்தவர்கள்தான். தமிழையே எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் அதைப் படித்துத் தெளிவடைந்துவிடுவார்கள் என்று பெரிய மனிதர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அணில் முன்பு போலவே அழுதுகொண்டிருந்தது.

அன்று மகளை மடியில் உட்காரவைத்துச் சொன்னேன். "இது நெசமான அணிலு இல்ல கண்ணு. இதுக்குப் பசிக்காது."

"தெரியும்மா," என்றாள். "ஆனா அழுவுதே."

கைப்பேசியிலிருந்து அதை அழிக்கப்போகிறேன் என்றதும், அழித்தால் அதற்கு வலிக்குமா என்று கேட்டாள். வலிக்காது என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழித்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அத யாரும்மா அழ வெச்சது?" என்றாள்.

"மெட்ராசோ பாம்பேயோ, எங்கியோ ஒரு ஆபீசுல இருக்கிற பெரியவங்க."

"அவங்க வூட்டுல பாப்பா இல்லியா?"

"இருக்கும். அந்தப் பாப்பா கையில போன் குடுக்க மாட்டாங்க."

அவள் இறங்கிப் போய், விளக்குமாற்றை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். இருவருமாகக் கட்டிலுக்கடியைப் பெருக்கினோம்.