கேட்காதவனுக்குக் கொடுத்த மன்னிப்பு

மொசூல் நகரில் ஆற்றின் மேற்குக் கரையில் எங்கள் தெருவுக்கு ஜெனரேட்டர் ஓட்டுகிறவர் தன்னூன். என் தங்கை நஹ்லாவின் கணவர். அரசாங்கக் கரண்டை நம்பினால் ஆகஸ்டில் வெந்து சாக வேண்டியதுதான். அதனால் தெருவே அவரை நம்பி இருக்கும், மின்விசிறி நின்றால் தெருவே அவரை ஏசும்.

"கல்யாண வீடுய்யா, இன்னிக்காவது நிறுத்தாம ஓட்டேன்!" என்பார்கள்.

"வெளிச்சம் எதுக்கு? மாப்பிள்ளை மூஞ்சியப் பாத்து பொண்ணு ஓடிடப் போறா" என்பார். வாய் அப்படி.

தீவிரவாதிகளிடமிருந்து நகரத்தை மீட்கிறோம் என்று வெளிநாட்டு விமானங்கள் வந்த வருஷம், டீசல் பீப்பாய்களை வீட்டு முற்றத்தில் அடுக்கி வைத்திருந்தார். மேலே பறந்தவனுக்கு அது ஆயுதக் கிடங்காகத் தெரிந்ததாம். ஒரே குண்டு. என் தங்கையும் அவள் மகள் ருஸுலும் போய்விட்டார்கள். தன்னூனும் மகனும் அடுத்த தெருவுக்கு மின்கம்பி இழுக்கப் போயிருந்ததால் தப்பினார்கள். 'தீவிரவாதிகளின் கிடங்கு அழிக்கப்பட்டது' என்று அறிவித்தார்கள் பாவிகள். அதை இன்றுவரை மாற்றவில்லை.

பையன் பிறகு கடல் தாண்டிப் போய், குண்டு போட்ட அதே நாட்டில் அடைக்கலம் கேட்டான். கிடங்கு வைத்திருந்த குடும்பம் என்று சொல்லி முள்வேலி முகாமில் அடைத்து வைத்திருக்கிறார்கள். எந்த நாளும் திருப்பி அனுப்பலாம். அந்தப் பட்டத்தோடு வந்தால் இங்கே எவன் அவனை உயிரோடு விடுவான்? வீட்டின் மேல் விழுந்த அந்தப் பழி போனால்தான் பையன் பிழைப்பான்.

போன வாரம் அந்த நாட்டு ராணுவ அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். கூட ஒரு மொழிபெயர்ப்பாளன். பெற்றோர் எங்களூர்க்காரர்கள், அவன் வளர்ந்தது அங்கே. தன்னூன் திரும்பக் கட்டிய வீட்டின் கூடம் நிறையத் தெருப் பெரியவர்கள். தன்னூன் தன் கையால் காபி ஊற்றிக் கொடுத்தார். அதிகாரி வாங்கினார். குடிக்காமல் கீழே வைத்தார்.

கூடத்தில் எல்லாரும் அந்தக் கோப்பையையே பார்த்தார்கள். எங்கள் பக்கம் பெரிய காரியம் கேட்டு வருகிறவன்தான் காபியைத் தொடாமல் வைப்பான். கொலைப் பழிக்கு மன்னிப்புக் கேட்டு வருகிறவனும் அப்படித்தான். 'குடி, கேட்டதைக் கொடுத்தேன்' என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகே குடிப்பான்.

"தப்ப ஒத்துக்கிறான்டா!" என்று பக்கத்தில் இருந்த தெருத் தலைவர் ஷேக் மிஸ்ஹிர் என் காதில் கிசுகிசுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னூன் தாடியை நீவிவிட்டுக் கோப்பையை அதிகாரி பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க" என்றார். "நான் மன்னிச்சுட்டேன்."

மொழிபெயர்ப்பாளன் திருதிருவென்று விழித்தான். "சாருக்குக் காபி வயித்துக்கு ஆகாதுங்க, அதான் வெச்சுட்டார். மன்னிப்பா? எதுக்கு? கிடங்குல என்னென்ன இருந்துச்சுன்னு கேக்கத்தான் வந்திருக்கோம்."

"கிடங்கா? அடப்பாவி, அங்க இருந்தது என் தங்கச்சிடா!" என்று பாய்ந்தேன். ஷேக் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"தன்னூன், சபையில வாக்குக் கொடுத்துட்டியேப்பா. இனி திருப்பி வாங்க முடியாது" என்றார் வருத்தமாக.

"யாரு வாங்குறா? என் பங்கக் கொடுத்துட்டேன். கேக்காதவனுக்குப் போச்சு, போகட்டும்." தன்னூன் மொழிபெயர்ப்பாளன் பக்கம் திரும்பினார். "தம்பி, இத அப்படியே சொல்லு. எங்க வழக்கத்துல, செத்தவளோட ரத்தப் பழிய மன்னிக்க வாரிசு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பங்கு உண்டு. என் பொண்டாட்டி ரத்தத்துல என் மகனுக்கும் பங்கு இருக்கு. அத நானும் மன்னிக்க முடியாது, இந்த ஷேக்கும் மன்னிக்க முடியாது. அவன்கிட்டதான் போய்க் கேக்கணும்."

அதிகாரி ஏதோ கேட்டார்.

"உங்க மகன் எங்க இருக்கார்னு கேக்குறார்" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

"அவங்க நாட்டுலதான்" என்றார் தன்னூன். "அவங்க போட்ட வேலிக்குள்ள. பேரு கஸ்வான். எழுதிக்கச் சொல்லு."