அரளியை வெட்டிய வீட்டில் ஒரு நாய்

மத்திகிரியில் நான் குடியிருந்த வீட்டு நாய் ஒரு சனிக்கிழமை காலையில் எழுந்து நிற்க முடியாமல் சரிந்து விழுந்தது. செவலை நிறம், இரண்டரை வயது, நாட்டு நாய். வீட்டுக்கார அக்கா அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு வெளுத்து, ஓரங்களில் மஞ்சள் ஏறியிருந்தது. வேலியோரம் அது மூத்திரம் பெய்த மண், டிகாக்‌ஷனைக் கொட்டியதுபோல் கறுத்திருந்தது.

ஆட்சி மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். நான் சென்னையில் ஒரு வருஷம் பயிற்சி முடித்துவிட்டு, மத்திகிரி கால்நடை மருந்தகத்தின் ஆய்வறையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. எதற்கும் பட்டியல் போடுவது என் பழக்கம்.

பட்டியல் போட அன்று யாரும் நேரம் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "அரளி தின்னிருக்கும்" என்று சொல்லிவிட்டார். அது போதுமாக இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் அருவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். மாதா கோயிலுக்கென்று அக்கா வரிசையாக வளர்த்திருந்த ஐந்து அரளிச் செடிகளும் கால்மணி நேரத்தில் தரையில் கிடந்தன.

"பூவு பூவுன்னு வெசத்த நட்டு வெச்சிருக்கா. எத்தினி தடவ சொன்னேன்!"

"ரெண்டு வருசமா அந்தச் செடிக்குக் கீழதான அது படுத்துக் கெடந்துச்சு. அப்பெல்லாம் திங்கலியா?" என்றார் அக்கா.

"அப்ப அறிவு இருந்துச்சு. இப்ப உன்ன மாதிரி ஆயிடுச்சு."

அவர் மாநில எல்லையிலிருந்த ஜூஜுவாடியில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தார். எல்லையைத் தாண்டும் டிரைவர்களிடமிருந்து சரக்கோடு வைத்தியமும் வாங்கி வருவார். விஷம் முறிய வெங்காயச் சாறு என்று ஒரு டிரைவர் சொல்லியிருந்தாராம். நாலு பெரிய வெங்காயத்தை அம்மியில் நசுக்கிப் பிழிந்து, மோரில் கலந்து கொண்டுவந்தார். நாய் வாயைத் திறக்கவில்லை. தாடையைப் பிடித்துத் திறந்துகொடுத்தது நான்தான். இதை மறைத்தால் மீதிக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மத்தியானம் அவருடைய சைக்கிள் கேரியரில் சாக்கு விரித்து, நாயை வைத்து, அக்கா உருட்ட, நான் பிடித்துக்கொண்டே மருந்தகத்துக்கு நடந்தேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"அரளி இல்ல. அரளின்னா துடிப்பு தடுமாறும். இது வேகமா இருக்கு, ஆனா ஒழுங்கா இருக்கு. உண்ணிக் காய்ச்சலாத்தான் இருக்கும். ரத்தம் எடுத்துப் பாருங்க." பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "திங்கக்கிழமை காலைல வந்து பாக்கறேன். அதுக்குள்ள எந்திரிக்கலேன்னா வதைக்க வேண்டாம். ஊசி போட்டு முடிச்சிடலாம்" என்றார்.

வாசலில் நின்ற அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

காதோர ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சலின் கிருமியைத் தேடினேன். மாட்டு ரத்தத்தில் தினமும் பார்ப்பதுதான், இருந்தால் தப்பாது. மூன்று துண்டுகள் பார்த்தும் ஒன்றுகூட இல்லை. ஆனால் சிவப்பணுக்களின் ஓரத்தில், வட்டமான தட்டில் ஒரு மிளகு ஒட்டிக்கொண்டதுபோல், சின்னச் சின்னப் புடைப்புகள் இருந்தன. அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தேன். அழுகிய வெங்காயத்தைத் தின்ற மாடுகளுக்கு ரத்தம் உள்ளேயே உடைந்து மூத்திரம் கறுக்கும் என்று பயிற்சியில் ஒருவர் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். என் நோட்டில் அது ஒரு வரி.

வீட்டுக்குப் போனதும் பட்டியலோடு உட்கார்ந்தேன். தோட்டத்தில் இருப்பவை: அரளி, ஆமணக்கு, எருக்கு, தக்காளி, கனகாம்பரம். கடித்த அடையாளம் எதிலும் இல்லை. அடுத்தது சாப்பாடு.

"புதுசா என்ன குடுத்தீங்க?"

"புதுசா ஒண்ணுமில்ல, லேப் அம்மா" என்றார் வீட்டுக்காரர். "எப்பவும் குடுக்கறதுதான். களியில பச்ச மொளகாயும் வெங்காயமும் இடிச்சுப் போட்டு உருட்டிக் குடுப்பேன். காரம் தின்னாத்தான் காவலுக்கு நிக்கற நாய்க்கு ரோசம் வரும். எங்க பக்கம் எல்லாரும் பண்றதுதான்."

"எப்பவுமா?" என்றார் அக்கா. "முன்னெல்லாம் வாரத்துல ஒரு நாளு, அரை வெங்காயம். ஆபீஸ்ல வெங்காய மூட்டை கிழிஞ்சு நீ அள்ளிக்கிட்டு வந்ததுலருந்து ரெண்டு வேளையும் போடற. பத்து நாளாச்சு. களியவிட வெங்காயம்தான் அதிகம்."

 வீட்டுக்காரர் கையில் அடுத்த வேளைக்கான சாற்றுக் கிண்ணம் இருந்தது.

"அத ஊத்தாதீங்க" என்றேன். "அதுதான் வெசம்."

"வெங்காயம் வெசமா? அப்ப நானு எப்பவோ செத்திருக்கணுமே!"

"நீங்க நாய் இல்லையே."

"அத எங்கூட்டுக்காரிகிட்டக் கேளு" என்றார். ஆனால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

வைத்தது என்னை நம்பி இல்லை. டாக்டர் சொன்னால்தான் நம்புவேன் என்றார். மறுநாள் ஞாயிறு. ஆய்வறையைத் திறந்து, அந்தப் புடைப்புகள் நன்றாகத் தெரியும் நீலச் சாயத்தை ஏற்றினேன். மருந்தகத்துக்குப் பின்னாலேயே குடியிருந்த டாக்டர், லுங்கியோடு வந்து குனிந்து பார்த்தார்.

"சாயம் சரியா வடிகட்டாம திட்டு விழுந்திருக்கு" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். டீக்கடை வாசலில் பன்னும் வர்க்கியும் தின்று வளர்ந்த நாய் ஒன்று உண்டு. பன்னைக் காட்டியே அதை அழைத்துவந்து, காதோரத்தில் ஒரு சொட்டு எடுத்தேன். இரண்டு ரத்தத்துக்கும் ஒரே புட்டிச் சாயம், ஒரே நேரம். கண்ணாடித் துண்டுகளில் பேர் எழுதவில்லை. ஒன்றின் அடியில் மட்டும் எனக்குத் தெரிகிற மாதிரி ஒரு கீறல்.

"எது எங்க வீட்டு நாயோடதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

அவர் ஒன்றைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார். மறுபடி முதலாவதை வைத்தார்.  பிறகு இரண்டாவதை என் பக்கம் நகர்த்தினார். திருப்பிக் காட்டினேன், கீறல் இருந்தது.

"சாயம் இல்லம்மா" என்றார். "வெங்காயம்தான்."

அவரே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னார். மிளகாய் வயிற்றை எரிக்கும், பேதி ஆகும். ரத்தத்தை உடைத்தது வெங்காயம். பச்சையானாலும் வேகவைத்தாலும் நாய்க்கு ஆகாது. அரளி நிஜமாகவே விஷம், ஆனால் இந்தக் குற்றம் அதனுடையதில்லை. "நாளைக்கு எந்திரிக்குமா?" என்று அக்கா கேட்டார்.  அது ரத்தம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அன்று பூராவும் அக்கா அரிசிக் கஞ்சியும் வேகவைத்த ஈரலும் ஸ்பூனால் ஊட்டினார். நான் இரண்டு மணிக்கொரு தரம் ஈறைப் பார்த்து எழுதினேன். காலை: வெளுப்பு. மத்தியானம்: வெளுப்பு. சாயங்காலம் கஞ்சியை அது தானே நக்கியது. ஈறு அப்போதும் வெளுப்புதான், ஆனால் மூத்திரத்தின் நிறம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதை எழுதி, கீழே ஒரு கோடு போட்டேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு டாக்டர் ஊசிப் பெட்டியோடு கேட்டைத் திறந்தார். நாய் சாக்கின்மேல் படுத்திருந்தது. காதை உயர்த்தியது. முன்கால்களை ஊன்றியது. பின்கால்கள் ஒரு தரம் வழுக்கின, மறுபடி ஊன்றியது. நாலு காலும் ஆட ஆட நின்று, அவரைப் பார்த்துக் குரைத்தது. தகரத்தைத் தட்டியதுபோல் ஒரு பொடிச் சத்தம். ஆனாலும் குரைப்புதான்.

டாக்டர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"பாருங்க!" என்று கத்தினார் வீட்டுக்காரர். "ஒரு வெங்காயம் இல்ல, ஒரு மொளகா இல்ல, வெறுங் கஞ்சி! டாக்டரையே உள்ள விட மாட்டேங்குது! ரோசத்தப் பாருங்க!"

அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். டாக்டர் ஊசிப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் மாட்டிவிட்டு, வெறுங்கையோடு உள்ளே வந்து காப்பி கேட்டார். நான் நோட்டை எடுத்து, காலை எட்டு மணி என்று போட்டு, பக்கத்தில் எழுதினேன்: நின்றது.