நாடாவுக்கு ஒரு எண், தள்ளும் கைக்கு ஒரு எண்

ஏனாத்தூர் காலேஜிலிருந்து வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தபோதுதான் அது உறைத்தது. இத்தனை நாளும் நான் தறி நாடாவைத் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியது நாடாவைத் தள்ளுகிற கையை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவின் கூடை என் இடுப்பில் குத்தியதைக்கூடப் பொருட்படுத்தாமல் ஃபோனை எடுத்து D03D 49 என்று தட்டினேன்.

கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

என் அக்கா கோர்வைப் புடவை நெய்கிறாள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் நூலோடு நூல் கோர்த்துச் சேர வேண்டும். அதற்கு, குறுக்கே போகும் ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா மூன்று வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் கரைக்கொன்று. அக்காவுக்கு இருப்பதோ இரண்டு கை. ஆகவே வலது கரையோரம் இன்னொருவர் உட்கார்ந்து மூன்றாவது நாடாவைத் தள்ளியாக வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்தவள் அக்கா வீட்டுக்காரரின், அதாவது என் மாமாவின், அக்கா மகள். அவளுக்கு ஒரகடம் பக்கம் ஃபோன் கம்பெனியில் வேலை கிடைத்தது. போய்விட்டாள். தறி நின்றது.

அக்கா சும்மா உட்காருகிற ஆளா? பழைய சைக்கிளின் பிரேக் ஒயரைக் கழற்றினாள். ஒரு முனையைக் காலடி மிதிக்கட்டையிலும் மறு முனையை வலது ஓரத்தில் ஒரு மரக்கட்டையிலும் கட்டினாள். மிதித்தால் கட்டை நாடாவைத் தட்டும். நாடா கரைக்குள் ஓடி அவள் கைக்கு வரும். கோர்த்துவிட்டு அவளே அதைத் திருப்பி அனுப்புவாள். போகிற வேகத்தில் அது எகிறி விழாமல் இருக்க, ரப்பர் செருப்பு ஒன்றை வாய் மாதிரி வெட்டி அந்த ஓரத்தில் ஒட்டியிருந்தாள். நாடா அதில் பொத்தென்று போய் உட்காரும். முதல் தடவை பார்த்தபோது நான் குதித்தே விட்டேன்.

அக்கா குதிக்கவில்லை. ஒரு பழைய வேட்டியை எடுத்து அதன் மேல் போர்த்தினாள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கரையில் ஏறின மயில், யானை உருவை இன்னொரு வீடு கேட்காமல் தறியில் ஏற்றாது. அந்த நியாயத்தை அவள் பிரேக் ஒயருக்கும் வைத்திருந்தாள்.

“இது வேற யாருதுனா இருந்துச்சுன்னா?” என்றாள். “கேக்காம வெச்சிக்கினு நெய்றது நல்லா இல்லமா. நீதான் படிச்சிக்கினு கீறியே, பாத்து சொல்லு. யாருதாவதா இருந்தா கழட்டிடறேன்.”

கழற்றினால் தறி மறுபடி நிற்கும். அதனால்தான், எந்தக் கண்டுபிடிப்பு யாருடையது என்று பதிந்து வைத்திருக்கும் காப்புரிமை ஆவணங்களுக்குள் இறங்கினேன்.

முதலில் வார்த்தைகளைப் போட்டுத் தேடினேன். ஒன்றும் உருப்படியாக வரவில்லை. ஜப்பான்காரனுக்குக் கோர்வை என்றால் என்ன தெரியும்? அப்புறம்தான் ஒவ்வொரு ஆவணத்தின் முகப்பிலும் இருக்கிற எழுத்தும் எண்ணும் கண்ணில் பட்டன. அது ஒரு விலாசம். A முதல் H வரை எட்டுப் பெரிய பிரிவுகள். D என்றால் நூல், துணி, காகிதம். D03 என்றால் நெசவு. D03C நீளவாக்கில் ஓடும் பாவு நூலை மேலும் கீழும் பிரிப்பது, D03D துணியும் தறியும், D03J தறிக்குத் துணையான கருவிகள். ஊர், பேட்டை, தெரு, கதவு எண் என்று போவது மாதிரி. எந்த மொழியில் எழுதியிருந்தாலும் ஒரே மாதிரி வேலை செய்கிற பொருளெல்லாம் ஒரே கதவுக்குப் பின்னால். சாப்பிடும்போதுகூட நான் விடவில்லை. தட்டு எங்கே, குழம்பில் விழும் நூல் எங்கே என்று எல்லாவற்றுக்கும் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“எங்க வீட்டுப் பொண்ணு தறிய உட்டுட்டு ஃபோன் செய்யப் போச்சு,” என்றார் மாமா. “இது ஃபோன்ல தறி தேடுது. நல்லா இருக்குதுபா குடும்பம்.”

நாடாவுக்கு D03J 5. கதவைத் திறந்து உள்ளே போனால் விதவிதமான நாடா: முனைக்கு இரும்பு போட்டது, நூல் சுலபமாக அவிழ்வது, எடை குறைந்தது. அக்காவின் ஒயர் மட்டும் இல்லை. அப்படியே ‘யாருதும் இல்லை’ என்று சொல்லிவிடலாம் என்ற நிலையில்தான் அந்த பஸ்.

எங்கள் தெருவில் நாடாவைத் தள்ளுவது ஓர் ஆள். தள்ளுவதற்கென்று தறியில் ஓர் உறுப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குறியீட்டில் ஆளுக்கு இடம் கிடையாது. தள்ளும் வேலை நடக்கிறதா, அது ஓர் அமைப்பு. அதற்கு ஓர் எண். D03D 49/24, நாடாவைப் பாவுக்குள் செலுத்தும் அமைப்புகள். எங்கள் வீட்டுப் பெண் எழுந்து போன இடத்துக்கு இவ்வளவு நாளும் ஓர் எண் இருந்திருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பார்த்துவிட்டேன். வேறு நாட்டு ஆவணம். படத்தில் மிதிக்கட்டை, கயிறு, ஓரத்தில் நாடா. ஆவண எண்ணின் கடைசியில் B என்று ஒட்டியிருந்தது. பெரும்பாலான இடங்களில் A என்றால் விண்ணப்பம் வெளியானது மட்டும். B என்றால் உரிமை கொடுத்தாகிவிட்டது. அப்புறம் தேதியைப் பார்த்தேன். உரிமை ஓடுவது இருபது வருஷம். இது அதைத் தாண்டி எங்கேயோ கிடந்தது.

வீட்டுக்கு ஓடி அக்காவிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“அவங்க கிட்ட கேக்கணுமா?”

“வேணாங்கா. காலம் முடிஞ்சிடுச்சு. இப்ப யார் வேணா வெச்சிக்கலாம்.”

“அப்ப கழட்ட வேணாம்.” வேட்டியை எடுத்து மடித்தாள். மடித்துக்கொண்டே, “அப்ப என்னுது எதுடி?” என்றாள்.

படத்தைப் பெரிதாக்கினேன். மிதி இருந்தது, கயிறு இருந்தது. திரும்பி வரும் நாடாவைப் பிடிக்க ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செருப்பைப் பார்த்தோம்.

“அத யாருக்கும் காட்டாத,” என்றேன். “வெளிய காட்டிட்டா அப்புறம் புதுசுன்னு உரிமை கேக்க முடியாது.”

“அமாவாசை வருதே.” அன்றைக்குத் தெருவில் எந்தத் தறியும் ஓடாது, எல்லோரும் எல்லோர் வீட்டுத் தறியையும் எட்டிப் பார்ப்பார்கள். “உள்ள உடலன்னா கோச்சிக்குவாங்க.”

“நான் வாசல்ல டீ கொடுத்து அனுப்பிடறேன்,” என்றார் மாமா. “நான் போட்ட டீய குடிச்சா அடுத்த அமாவாசைக்கும் எவனும் வர மாட்டான்.”

அக்கா மடித்த வேட்டியை மறுபடி பிரித்துச் செருப்பின் மேல் மட்டும் போட்டாள். ஒயர் வெளியே தெரிந்தது. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நாளைக் காலை அவள் தறியில் உட்காருவதற்கு முன்னால் அந்த ரப்பர் வாயை விண்ணப்பத்துக்காக எல்லாப் பக்கமிருந்தும் வரையப் போகிறேன். அதே D03D 49-க்குள் ஓடுகிற நாடாவை நிறுத்தும் அமைப்புகளுக்கென்று இன்னொரு கதவு இருக்கிறது. அமாவாசைக்குள் அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் படித்துவிட வேண்டும், செருப்பு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே.