வீட்டு விலக்கே வராத பொம்பள

நான் துறைமுகத்துல மூட்டை தூக்குத ஆளு. தலையில மூட்டை ஏறுன அளவுக்கு எழுத்து ஏறல. அதனால டாக்டருங்க சொல்லுததுல பாதிதான் எனக்குப் புரியும். மீதிய நானா இட்டுக்கட்டிருவேன்.

கல்யாணமாயி பிள்ளை தங்கலன்னு தூத்துக்குடியில ஸ்கேன் எடுத்தோம். டாக்டரம்மா படத்தக் காட்டி, "நீர்க்கட்டி முத்து கோத்த மாதிரி இருக்கு பாருங்க. பிசிஓஎஸ்"னாவ. நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கணும்லா. "கடல்ல முத்து அத்துப் போச்சுங்காவ, எம் பொண்டாட்டி வயித்துல கெடக்கு பாத்தியளா"ன்னேன். டாக்டரம்மா சிரிக்கல. பொண்டாட்டி தொடையில கிள்ளுனா.

மாத்திரை சாப்பிட்டா, கடக்கரையில நடந்தா. பொம்பளப் பிள்ள பொறந்துச்சு. அதோட சீக்கு தீந்துச்சுன்னு மாத்திரையத் தூக்கிப் போட்டாச்சு. தொடர்ந்து வந்து காட்டணும்னு டாக்டரம்மா சொன்னது எனக்குப் புரிஞ்ச பாதியில விழல போல.

பொறவு அவளுக்கு வீட்டு விலக்கு மாசக்கணக்கா வராமலே கெடக்கும். தெருவுல அது பெரிய பெருமையாப் போச்சு. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவோம்லா, விதைய விதச்சு இருட்டு ரூமுல வச்சி, கொடை முடியுத வரைக்கும் ஒருத்தி தண்ணி தெளிக்கணும். நடுவுல அவளுக்கு வீட்டு விலக்கு வந்துரப்பிடாது. மத்த பொம்பளைங்க மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் தள்ளிப் போடுவாவ. இவளுக்கு அதுவும் வேண்டாம்.

பக்கத்து வீட்டு மதினி வருசா வருசம் வந்து நிப்பாவ. "ஏளா, இந்தத் தடவையும் நீதான். உனக்குத்தான் அந்தத் தொல்லையே கெடையாதே."

"வைங்க மதினி, பாத்துக்கிடுதேன்"ம்பா இவ, மூஞ்சியெல்லாம் சிரிப்பா.

"அம்மன்ட சொல்லி இவளுக்கு சம்பளம் போடச் சொல்லுங்க. பெர்மனெண்ட் ஸ்டாஃபு"ன்னு நானும் சேந்துக்கிடுவேன்.

கழுத்துல கறுப்பு படிஞ்சுச்சு. மஞ்சளப் போட்டுத் தேச்சா. தாடையில முடி முளைச்சுச்சு. என் பிளேடு அடிக்கடி மொட்டையாக் கெடக்கும். எனக்குத் தாடியே சரியா வளராது, அத வச்சி என்னைய நானே கேலி பேசிக்கிட்டுத் திரிவேனே ஒழிய, அவகிட்ட ஒண்ணும் கேக்கல.

போன கொடைக்கு முளைப்பாரி வீட்டுல இருக்கும்போதே அவளுக்கு ரத்தம் வந்துட்டு. சாதாரணமா இல்ல, சேலையெல்லாம் நனைஞ்சுட்டு. பொம்பளைங்க ஓடி வந்து முளைப்பாரிய வேற வீட்டுக்குக் கொண்டு போனாவ. ரூமக் கழுவி மஞ்சத்தண்ணி தெளிச்சாவ. "அம்மனுக்கு என்ன கொறையோ"ன்னா ஒருத்தி. இவ பாத்ரூம் செவத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கா. நின்னவளப் பிடிச்சு உக்கார வைக்க ஒருத்தருக்கும் தோணல.

கொடை முடிஞ்சும் ரத்தம் நிக்கல. திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கன டாக்டரு எனக்கும் புரியுத மாதிரி சொன்னாரு. "மாசாமாசம் உதிர வேண்டியது உதிராம கர்ப்பப்பைக்குள்ள தடிச்சுக்கிட்டே வந்திருக்கு. கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்." ரத்தத்துல சுகரும் கொழுப்பும் கூடக் கெடக்குன்னாரு. பிரஷரும் இருக்காம்.

ரிசல்ட் வார வரைக்கும் அவ கேன்சருங்குத வார்த்தைய வாயில எடுக்கல. நானும் எடுக்கல.

ரிசல்ட் வாங்கப் போனோம். "இன்னும் கேன்சர் ஆவல. விட்டா ஆயிரும். கர்ப்பப்பைய எடுத்துரலாம்."

"எடுத்துட்டா எல்லாம் சரியாயிருமா?"ன்னு கேட்டா.

"அது மட்டும்தான்மா. சுகரு, நெஞ்சு எல்லாம் ஆயுசுக்கும் பாத்துக்கிடணும். பொம்பளப் பிள்ளை இருக்கா? அவளுக்கு மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

இவ ரிசல்ட்ட மடிச்சுப் பையில வச்சிக்கிட்டு எந்திரிச்சா. பஸ்ஸு தூத்துக்குடிக்கு முன்னால இருக்க புதுக்கோட்டையத் தாண்டும்போதுதான் சொன்னா.

"மவளுக்குக் கடைசியா வந்து மூணு மாசம் ஆவுது. பரீட்சை நேரம், வராம இருந்தா நல்லதுதான்னு நெனச்சிட்டேங்க."

வீட்டுக்கு வந்து, நான் வாசல்லயே செருப்பக் கழட்டுத மாதிரி நின்னேன். அவதான் உள்ள போயி மவகிட்ட எல்லாத்தையும் சொன்னா. புள்ள பொறுமையாக் கேட்டா.

"எனக்கும் எடுத்துருவாவளாம்மா?"

"இல்லளா. அதுக்குத்தான் நாளைக்கே போறோம்."

மவ அவ அம்மா மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா. பொறவு திரும்பி, அம்மா சொல்லுதத நம்பலாமாங்குத மாதிரி, என்னையப் பாத்தா.