சங்கிலி உபவாசமும் ஒரு டம்ளர் தண்ணீரும்

இரண்டு வருஷத்துக்கு முன்பு சித்திரை வெயிலில், மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. அப்போது நான் ஏழு மாத கர்ப்பிணி. அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இதுவும் போய்விடுமோ என்ற பயம் தூங்கும்போதுகூட என்னை விடவில்லை.

எங்கள் சபையில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் என்னைப் பார்த்ததும் முதலில் வயிற்றைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் முகத்தை. அதனால் என் பயத்தையெல்லாம் போனில் கொட்டத் தொடங்கினேன். முகம் தெரியாதவர்களிடம் அழுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

கிறிஸ்தவ வாட்ஸ்அப் குரூப் ஒன்றா இரண்டா? ஒன்றில் விடிந்தால் ரோஜாப்பூ படம், பொழுது அடைந்தால் நிலா படம், நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. இன்னொன்றில் விசுவாசிகள் நகை போடலாமா கூடாதா என்று ஆண்கள் அடித்துக்கொள்வார்கள். என் கம்மலே கவரிங், எனக்கு அந்தச் சண்டையில் என்ன வேலை என்று வெளியே வந்துவிட்டேன். பெண்கள் மட்டும் இருக்கும் சின்ன குரூப் ஒன்றும் இருந்தது. தினமும் கொஞ்சம் வேதம் வாசித்துவிட்டு, புரியாததைக் கேட்பார்கள். அதை நடத்துகிற அக்கா பாதிக் கேள்விக்கு "எனக்கும் தெரியலம்மா, யோசிப்போம்" என்றுதான் பதில் போடுவார். தெரியாதவருக்கு எதற்கு ஒரு குரூப் என்று நினைத்து, சத்தம் வராமல் மியூட்டில் போட்டுவிட்டேன்.

எனக்கு வேண்டியிருந்தது எல்லாம் தெரிந்த ஒருவர். அப்படி ஒரு பிரதர் கிடைக்கவும் செய்தார். அவருடைய ஜெப குரூப்பில் நூற்றுக்கணக்கான பேர். அவர் குரல் அவ்வளவு உறுதி. என் பிள்ளை தங்கும் என்று அவர் வாய்ஸ் மெசேஜில் சொன்ன நாளில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கேட்டு அழுதேன்.

பிறகு சங்கிலி உபவாசம் அறிவித்தார். ஒவ்வொருவரும் ஒரு நாள், பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் பொழுது சாயும்வரை. சாப்பாடு இல்லை, தண்ணீரும் இல்லை. முடிந்ததும் "ஒப்படைத்தேன்" என்று எழுதி அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். நடுவில் யார் வீட்டில் சங்கிலி அறுகிறதோ அந்த வீட்டுக்குள் சத்துரு வருவான் என்றார். தண்ணீர் குடித்து அறுத்த ஒரு பெண்ணுக்கு என்ன ஆனது என்று ஒரு கதையும் சொன்னார். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. கீழே வரிசையாக "ஆமென், ஆமென்" என்று விழுந்துகொண்டே இருந்தது. நானும் ஒன்று போட்டேன்.

என் முறை வந்தது. வேண்டாம் என்று சொல்லப் பயம். கல்யாணமான புதிதில் நானும் அளத்தில் உப்புக் கூடை தூக்கியவள்தானே, இந்த உடம்புக்குத் தாகம் புதிதா என்று தைரியமும் சொல்லிக்கொண்டேன். என் கணவரிடம் மூச்சு விடவில்லை. அவர் விடிவதற்கு முன்பே தண்ணீர்க் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு உப்பு வாரப் போய்விடுவார். முந்தின ராத்திரி நான் சாப்பிட்டேனா என்று கேட்டபோது ஆச்சு என்று தலையாட்டினேன்.

காலை எப்படியோ ஓடியது. வெயில் ஏற ஏற நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உப்பளத்துக் காற்று ஜன்னல் வழியாக அனலாக வந்தது. தலை சுற்றியது, பாயில் படுத்தேன். அப்போதுதான் உறைத்தது, குழந்தை காலையிலிருந்து அசையவே இல்லை. வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். புரண்டு படுத்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், இன்னும் வைக்காத பேரை. ஒன்றுமில்லை.

தண்ணீர்ப் பானை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குடிக்காவிட்டால் பிள்ளைக்கு ஆபத்தோ என்று பயம், குடித்தால் சாபம் வந்துவிடுமோ என்று அதைவிடப் பயம். படித்தவர்கள் சிரிக்கலாம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்குச் சிரிப்பு வராது.

அந்தப் பிரதருக்குத் தனியாக எழுதினேன், குழந்தை அசையவில்லை, தண்ணீர் குடிக்கலாமா என்று. உடனே பதில் வந்தது.

"சிஸ்டர், இது சோதனை நேரம். பாதியில விட்டீங்கன்னா அறுந்தது உங்க வீட்லன்னு ஆயிடும். அப்புறம் வயித்துப் பிள்ளைக்கு நான் பொறுப்பில்ல."

யாரையாவது கேட்க வேண்டும், ஆனால் அந்த குரூப்பில் ஆமென், ஒப்படைத்தேன் தவிர வேறு எது எழுதினாலும் உடனே அழித்துவிடுவார்கள். தேடியபோது, மியூட்டில் கிடந்த அந்தச் சின்ன குரூப் கண்ணில் பட்டது. அங்கே அதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை. நடந்ததை அப்படியே பேசி அனுப்பினேன். பேச்சு பாதி, அழுகை பாதி.

தெரியாது தெரியாது என்று சொல்லும் அந்த அக்காதான் வந்தார். எத்தனை மாதம், கடைசியாக எப்போது அசைந்தது, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பிறகு அவர் குரல் வந்தது.

"தங்கச்சி, நீ மொதல்ல தண்ணி குடி. அதுக்கு தண்டனைன்னு ஒண்ணு இருந்தா அது என் தலையில வரட்டும், உன் பிள்ள மேல வேணாம்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். சொல்லியாச்சு, இனி அது என்னுது. நீ குடிச்சிட்டு ஆஸ்பத்திரி கிளம்பு."

நான் குடித்தேன். முதல் டம்ளர் பாதி சேலையில் சிந்தியது. கணவருக்குப் போன் போட்டேன். அளத்திலிருந்து, காலில் உப்புச் சேறு காயாமலே ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்புக் குவியல் கண்ணைக் கூசவைத்தது. வழியிலேயே பார்த்தேன், தண்ணீர் குடித்ததும் முடியவில்லை என்று நான் பிரதருக்கு எழுதியிருந்ததற்கு அந்தப் பெரிய குரூப்பிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். இப்போது பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும், வாழ்நாள் பூராவும் அந்த ஒரு டம்ளர் தண்ணீர் என்னைத் துரத்தும் என்று நினைத்தேன். வயிற்றின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. உள்ளே பிள்ளை அசையவும் இல்லை. நடுவில் போன் மூன்று நான்கு முறை அடித்தது. "போயாச்சாம்மா?" என்று அந்த அக்கா.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என்னைத் திட்டிக்கொண்டே வயிற்றில் மிஷினை வைத்துத் தேடினார். ஒரு பக்கம் வைத்தார், சத்தமில்லை. இன்னொரு பக்கம் நகர்த்தினார், அங்கேயும் கரகரப்புதான். என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அடிவயிற்றிலிருந்து வந்தது, டப் டப் டப் என்று வேகமாக. நான் வாய்விட்டு அழுதேன். உடம்பில் தண்ணீரே இல்லை என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாட்டில் பாதி இறங்கியபோது உள்ளே ஒரு உதை விழுந்தது.

அன்றைக்குத்தான் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடத் தண்ணீர் கேட்டால் கேனை நீட்டிவிடுவார்கள். அவர் என்னைத் திட்டவில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"அளத்துல சண்டக்காரன் கேட்டாகூட தண்ணி குடுக்கறோம். ஆண்டவர் உனக்கு இல்லன்னு சொல்லிடுவாரா?"

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் சின்ன குரூப்பில்தான் இப்போதும் இருக்கிறேன், மியூட் இல்லாமல். சமீபத்தில் ஒரு நாள் அந்த அக்காவிடம் கேட்டேன், அவ்வளவு தைரியமாக எப்படிச் சொன்னீர்கள் என்று.

"தைரியமா? ஒருவேளை அந்த ஆள் சொன்னது நெசமா இருந்தா என் பசங்களுக்கு என்ன ஆவும்னு நடுங்கிட்டேன்மா. உனக்கு அனுப்பிட்டு நானும் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு முழங்கால்ல நின்னேன்."

அவர் முகத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. என் மகள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, மேலெல்லாம் சிந்திக்கொண்டு தண்ணீர் குடிக்கும்போது, தனக்கும் அத்தனை பயம் இருந்தும் என் பிள்ளைக்கு எதுவும் வரக்கூடாது என்று அந்தத் தண்டனையைத் தன் தலையில் கேட்டு வாங்கிக்கொண்ட அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.